பஸ் இன்னும் தாண்டவில்லை

தனக்கு ஒதுக்கிய புது பஸ் டிப்போவுக்குள் நுழைந்த அன்று, கடித்த ரொட்டித் துண்டு வாயில் இருக்க, டிரைவர் எக்ஸ்பிரஸ் ஓடிவந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கால்வாய்க் கரைத் தடத்தில் போய்வருகிற யாருக்கும் அது தெரியாது. நேரம் தவறாத டிரைவர் என்று யாரோ ஒரு பயணி வைத்த பட்டம், சட்டைப் பையில் பட்ட மைக்கறை மாதிரி அப்படியே நின்றுவிட்டது.

பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றினார். நம்பிக்கை வராமல் எதிர்த்திசையில் இன்னொரு சுற்று. பெயின்ட் வாசனை போகவில்லை. சீட்டுகளின் மேல் பாலிதீன் உறை பளபளத்தது. டயரில் ஒரு பொடிக்கல்கூடச் சிக்கியிருக்கவில்லை.

"என்னண்ணே, பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவுல அப்பன் நடக்கற மாதிரி நடக்கறீங்க?" என்றார் அவருடைய கண்டக்டர்.

"நீளத்தைப் பாருய்யா! முன் சீட்டுல மழை பேஞ்சா கடைசி சீட்டுல வெயில் அடிக்கும்."

பையனாக இருந்தபோது லாரி கழுவினார். பிறகு காய்கறி வேன் ஓட்டினார். அதற்குப் பிறகு ஒரு குட்டி பஸ். வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தக் குட்டி பஸ்ஸில்தான் ஓடியது. அது அவருக்கு வண்டியாகவே தோன்றியதில்லை. போட்டுப் பழகிய சட்டை மாதிரி. எங்கே தோள் இடிக்கும், எங்கே கை நுழையும் என்று யோசிக்க வேண்டியதில்லை. இத்தனை காலத்தில் ஒரு மனிதர் மேல், ஒரு நாய் மேல்கூட அவர் வண்டி உரசியதில்லை. இதை அவரே சொல்வார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார்.

சைக்கிள்காரர்களிடம் தான் ரொம்ப மரியாதை என்பது அவருடைய இரண்டாவது பெருமை. பிடரியில் ஹாரன் அடிக்க மாட்டார். ஜன்னலில் தலையை நீட்டித் திட்ட மாட்டார். வேகத்தைக் குறைப்பார், விலகுவார், தாண்டுவார், மறுபடி ஓரம் வருவார். மற்ற டிரைவர்களுக்கு அவர் தாண்டுகிற அழகைக் கண்டக்டர் நடித்தே காட்டுவார்.

அதே மாதத்தில்தான் அவர் மனைவிக்குப் பொத்தான் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தட்டில் கொட்டிய பொத்தான்களில் துளை கோணியது, விளிம்பு உடைந்தது எல்லாவற்றையும் விரல் நுனியாலேயே கண்டுபிடித்துத் தள்ளுகிற வேலை. முதல் நாளே மேற்பார்வையாளர் அவள் கையைப் பார்த்து அசந்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. பழகும் மாதம் முடிகிறவரை காலை மணி அடிப்பதற்கு முன்னால் உள்ளே இருக்க வேண்டும். மணிக்குப் பின்னால் வந்தால் அன்றோடு சரி, கதவு மூடிவிடும்.

கணவர் ஓட்டுகிற பஸ்ஸில் போகலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். அந்த பஸ் பாலத்தில் திரும்பி அக்கரைக்குப் போய்விடும். தொழிற்சாலை இக்கரையிலேயே இன்னும் தொலைவில் இருந்தது. பாலத்தில் இறங்கி நடந்தால் மணி அடித்துவிடும். அதனால் வேறு ஊரில் படிக்கிற மகள் விட்டுப்போன சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தாள். சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, தெருவை இரண்டு தடவை வளைய வந்து, மூச்சு வாங்க அவர் முன்னால் நிறுத்தினாள்.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ரோடு வேண்டாம்மா. எனக்கு அந்த ரோடு தெரியும்."

"தெரிஞ்சவர் பஸ் ஓட்டுறப்போ எனக்கு என்னங்க பயம்?"

இதற்கு மேல் எந்தக் கணவரால் வாயைத் திறக்க முடியும்? நெஞ்சு நிமிர்ந்து டிப்போவுக்குப் போனார்.

அந்த ரோடைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரைவர்கள் அதைக் 'குழாய்' என்பார்கள். ஒரு பக்கம் கால்வாய், தடுப்புக்கல் மட்டும். மறுபக்கம் பழைய கிடங்கின் உயர்ந்த சுவர், ரோடை ஒட்டியே ஓடும். நடைபாதை கிடையாது, மண் ஓரமும் கிடையாது. சைக்கிள்காரர்கள் சுவரோரமாகவே போவார்கள். சுவரில், சைக்கிள் கைப்பிடி உயரத்தில், நெடுக ஒரு கோடு தேய்ந்திருக்கும். கிடங்கு முடிகிற இடத்தில் ரோடு திடீரென்று விரிந்து ஒரு திடலாகும். அதற்கப்புறம் பாலம்.

நீள பஸ்ஸோடு அவர் குழாய்க்குள் நுழைந்த முதல் நாளே முன்னால் அவள் போய்க்கொண்டிருந்தாள். கண்டக்டர்தான் முதலில் பார்த்தார்.

"அண்ணே, அண்ணி! அண்ணி போறாங்க!"

பஸ்ஸே எட்டிப் பார்த்தது. எக்ஸ்பிரஸுக்குத் தலைகால் புரியவில்லை. வேகத்தைக் குறைத்தார். கால்வாய்ப் பக்கம் தாராளமாக விலகினார். அவள் ஜன்னலுக்கு நேராக வந்தபோது ஒரு சிரிப்பு சிரித்தார். அவள் பின்னால் போனதும் நிம்மதியாக ஓரத்துக்கு வந்தார். இதைவிட மரியாதையாக ஒரு பஸ் ஒரு சைக்கிளைத் தாண்ட முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

மாலையில் வீட்டுக்கு வந்தால், அவள் முழங்கையில் கட்டு.

"என்னம்மா இது?"

"சுவத்துல தேச்சுட்டேன். முதல்ல சாப்பிடுங்க."

"எப்படித் தேச்சே? யாராவது நெருக்கினானா?"

"ஒரு பஸ்."

தட்டைத் தள்ளினார். "எந்த பஸ்? நம்பர் பாத்தியா? ஆளு எப்படி இருந்தான்? சொல்லு, டிப்போவுல அவனைக் கிழிச்சுத் தொங்க விட்டுடறேன். பொம்பளை போறது கண்ணு தெரியலையா அவனுக்கு? இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

அவள் பொறுமையாகத் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

"ஆளு நல்லாத்தான் இருந்தாரு. ஜன்னல் வழியா என்னைப் பாத்துச் சிரிச்சாரு."

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"நானா? நான் நல்லாத் தள்ளித்தானே போனேன்! உன்னைத் தாண்டினப்புறம்தானே ஓரம் வந்தேன்!"

"நீங்க தாண்டிட்டீங்க. உங்க பஸ் தாண்டலை."

"என்னம்மா பேசற? நான் தாண்டினா பஸ் தாண்டின மாதிரிதானே?"

"குட்டி பஸ்ஸுல அப்படி இருக்கலாம். இதுல நீங்க போனப்புறமும் வந்துட்டே இருக்கு, வந்துட்டே இருக்கு. ஜன்னல், ஜன்னல், ஜன்னல்... நீங்க அங்க ஓரம் திரும்பறீங்க, இங்க அதோட இடுப்பு என்னைச் சுவத்தோட சேத்து அமுக்குது."

அவர் மறுத்தார். சத்தமாக மறுத்தார். தன் அனுபவத்தை ஆதியிலிருந்து எடுத்துவிட்டார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. கடைசியில் அவர் கட்டைப் பார்த்து, "அந்த வேலையே வேண்டாம், விட்டுடு" என்றபோது மட்டும் நிமிர்ந்தாள்.

"சுவத்துல நான் மட்டும் தேய்க்கலைங்க. அந்தக் கோடு எப்படி வந்துச்சுன்னு நினைக்கறீங்க? வேலையை நான் விட்டா, தினமும் அதே ரோட்டுல போற மத்தவங்க எதை விடறது?"

மறுநாள் அவருக்கு ஓய்வு நாள். இருந்தும் டிப்போவுக்கு வந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. தொழிற்சாலைக்கும் அன்று விடுமுறை என்பதால் சைக்கிள் சும்மாதான் நின்றிருந்தது.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற உயரமான டிரைவரிடம் போனார். "நீ என் பஸ்ஸை எடு. நான் இந்தப் பின்சுவத்தோரமா சைக்கிள்ல போறேன். தினமும் எப்படித் தாண்டுவியோ அப்படியே தாண்டு."

"எதுக்குண்ணே?"

"ஒருத்தர் வாயை அடைக்கணும்."

செய்தி பரவி மெக்கானிக்குகள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கூடிவிட்டார்கள். எக்ஸ்பிரஸ் சைக்கிளை விட்டு எத்தனையோ காலம். இருக்கை அவருக்குப் போதவில்லை; கைப்பிடி தனக்குத் தோன்றிய திசையில் போனது.

"அண்ணே, ஸ்டியரிங் அங்க இல்ல!"

"பிரேக் கையில இருக்கு, காலைத் தேடாதீங்க!"

பின்னால் பஸ் உறுமியது. ஓட்டும்போது காதுக்கு இதமாக இருந்த அந்தச் சத்தம், பிடரிக்குப் பின்னால் கேட்கும்போது வேறு ஏதோ பிராணியின் சத்தமாக இருந்தது. பஸ்ஸின் முகம் பக்கத்தில் வந்தது. நெட்டை விலகித்தான் வந்தான், நல்ல இடம் விட்டுத்தான் வந்தான். அவன் முகம் ஜன்னலில் தெரிந்தது, முன்னால் போனது.

"பாத்தீங்களா! தாண்டியாச்சு!" என்று எக்ஸ்பிரஸ் ஒரு கையைத் தூக்கினார்.

தூக்கிய கைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் இன்னொன்று. பஸ்ஸின் முகம் எங்கோ முன்னால் ஓரம் திரும்பிவிட்டது; உடம்போ பக்கத்திலேயே இருந்தது, இருந்ததோடு இவர் பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தது. சந்து சுருங்கியது. சைக்கிளுக்கு இடம் இருந்தது, பிறகு முழங்கைக்கு மட்டும் இடம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. எக்ஸ்பிரஸ் சைக்கிளோடு பழைய டயர்க் குவியலுக்குள் குதித்தார்.

குபீரென்று சிரிப்பு. கண்டக்டர் ஓடிவந்து ஒரு டயரை நகர்த்தி அவர் தலையைக் கண்டுபிடித்தார்.

"அண்ணே, அடி பட்டுச்சா?"

எக்ஸ்பிரஸின் காற்சட்டை முட்டியில் கிழிந்திருந்தது. முகம் முழுக்கக் கரி. ஆனால் கண் இரண்டும் ஜொலித்தன.

"அவ சொன்னது சரிய்யா! அச்சு அசல் அப்படியே! இன்னொரு தடவை எடு!"

அன்று மதியம்வரை அது நடந்தது. அவர் சைக்கிளில், நெட்டை பஸ்ஸில். பிறகு நெட்டை சைக்கிளில், அவர் பஸ்ஸில். கடைசி ஜன்னலும் போய், பக்கக் கண்ணாடியில் சைக்கிளின் முன்சக்கரம் முழுசாகத் தெரிந்து, அதற்கும் பஸ்ஸுக்கும் நடுவே தரை தெரிகிறவரை ஓரம் வரக்கூடாது. அதுதான் இந்த நீளத்துக்குக் கணக்கு. நெட்டை அதைப் பிடித்துக்கொண்டான். எக்ஸ்பிரஸ் அங்கேயே நிற்கவில்லை. கண்டக்டரைக் கூட்டிக்கொண்டு குழாய்க்கே போய், சுவருக்கும் தடுப்புக்கல்லுக்கும் நடுவே கையை விரித்து, காலை அகட்டி அளந்து பார்த்தார். பஸ், சைக்கிள், நடுவில் மூச்சுவிட ஒரு சந்து. மூன்றும் சேர்ந்து அங்கே அடங்கவே அடங்காது.

"இதுக்குள்ள எப்படித் தாண்டறதுன்னு கேட்டுட்டு இருந்தோம்ல? தாண்டவே கூடாதுய்யா."

"அப்ப நேரம்? எக்ஸ்பிரஸ்ங்கற பேரு?"

"பேரு என்னய்யா பேரு, வேற வெச்சுக்கட்டும்."

மறுநாள் காலை. பஸ் நிறைந்து வழிந்தது. குழாயின் வாயில் நுழைந்ததும் முன்னால் அவள்; அவளுக்கு முன்னால் தொழிற்சாலைக்குப் போகிற இன்னும் சில சைக்கிள்கள். எக்ஸ்பிரஸ் வேகத்தைக் குறைத்தார். விலகவில்லை. பின்னாலேயே, நல்ல இடைவெளி விட்டு உருட்டினார்.

"என்ன டிரைவரே, டீசல் தீந்துபோச்சா?" என்றது பின்சீட்டுக் குரல் ஒன்று.

"ஹாரன் அடிங்க சார், ஒதுங்குவாங்க!"

"ஒதுங்கி எங்க போவாங்க, சுவத்துக்குள்ளயா?" என்றார் கண்டக்டர்.

முன்னால் அவளுக்கு பஸ் சத்தம் கேட்டுவிட்டது. திரும்பாமலே தெரிந்தது, அவருடையதுதான். பயணிகள் அவரைத் திட்டுவதும் காதில் விழுந்தது. அடுத்த கணம் அவள் செய்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. சைக்கிளை விட்டு இறங்கி, சுவரோடு ஒட்டி நின்று, 'போங்க' என்று கையைக் காட்டினாள்.

எக்ஸ்பிரஸ் பிரேக்கை அழுத்தினார். பஸ் நின்றது. ஜன்னலில் தலையை நீட்டினார்.

"சைக்கிள்ல ஏறும்மா! போ!"

"நீங்க போங்க! ஜனங்க திட்டறாங்க!"

"திட்டட்டும்! நீ முதல்ல போ!"

"உங்களுக்கு லேட்டாகும்!"

"உனக்குக் கதவை மூடிடுவாங்க! ஏறப் போறியா, நான் இறங்கி வரட்டுமா?"

பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். "அது யாருப்பா?" "அவர் சம்சாரமாம்." "அடப்பாவி, வீட்டுச் சண்டைக்கு நாங்கதான் கிடைச்சோமா?"

எக்ஸ்பிரஸ் உள்ளே திரும்பினார். காது மடல் சிவந்திருந்தது.

"என் சம்சாரம்தாங்க. அவளுக்கு முன்னாடி போறவங்க யார் வீட்டுச் சம்சாரமோ, யார் அண்ணனோ, எனக்குத் தெரியாது. முந்தாநேத்து இந்தச் சுவத்துல இவளை நான் தேச்சிருக்கேன். அதுவும் சிரிச்சுட்டே. இனிமே இந்த ரோட்டுல தாண்ட மாட்டேன். அந்தத் திடல் வர்ற வரைக்கும் இப்படித்தான் போவேன்."

கூடையோடு முன்சீட்டில் இருந்த ஓர் அம்மாள் எழுந்தார். ஜன்னலில் முழு உடம்பையும் சாய்த்துக் கத்தினார்: "ஏறும்மா, ஏறு! நடுவுல போ! உன்னை எவன் இடிக்கறான்னு பாத்துடலாம்!"

அவள் ஏறினாள். சுவரை விட்டு விலகி, ரோட்டின் நடுவுக்கு வந்தாள். முன்னால் போனவர்களும் திரும்பிப் பார்த்து நடுவுக்கு வந்தார்கள். அவர்கள் மிதித்த மிதி! கண்டக்டருக்குப் படிக்கட்டில் கால் நிற்கவில்லை.

"நீலச் சட்டைக்காரர் முன்னாடி! அண்ணி ரெண்டாவது! அண்ணி நெருங்கறாங்க! வளைவு! அண்ணி வளைஞ்சுட்டாங்க!"

"விடாதேம்மா!" என்றது பின்சீட்டுக் குரல். டீசல் தீர்ந்ததா என்று கேட்ட அதே குரல்தான்.

கிடங்குச் சுவர் முடிந்தது. ரோடு விரிந்தது. சைக்கிள்கள் பக்கவாட்டில் பரந்து வழிவிட்டன. இப்போதுதான் எக்ஸ்பிரஸ் விலகினார். அவள் ஜன்னலுக்கு நேராக வந்தாள், பின்னால் போனாள். அவர் ஓரம் வரவில்லை. பார்வை பக்கக் கண்ணாடியிலேயே. ஜன்னல், ஜன்னல், ஜன்னல். கடைசியில் கண்ணாடிக்குள் ஒரு முன்சக்கரம் முழுசாக உருண்டது. சக்கரத்துக்கு முன்னால் வெறும் தரை, வெயிலில்.

"இப்பத்தான் தாண்டிச்சு," என்றார் தனக்குத்தானே.

மெதுவாக ஓரம் வந்தார். பாலத்தில் பார்த்தால், மொத்தத் தாமதம் ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை.

மாலையில் அவள் வாயெல்லாம் பல்லாக வந்தாள். மணிக்கு முன்னாலேயே உள்ளே போயிருக்கிறாள். தொழிற்சாலை முழுக்க இதே பேச்சாம்.

"நாளைக்கும் அதே டிரைவர்தானான்னு எல்லாரும் கேட்டாங்க."

"நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க காலைல மட்டும்தானே அந்தப் பக்கம் வர்றீங்க? சாயங்காலம் அவங்க எல்லாம் திரும்பி வரணுமே. அதனால..." அவள் கொஞ்சம் இழுத்தாள். "இனிமே எல்லா பஸ்ஸும் அப்படித்தான் வரும், டிப்போவுலயே பேசி முடிச்சாச்சுன்னு சொல்லிட்டேன்."

"யார் பேசி முடிச்சா?"

"நீங்கதான்."

"நான் எப்போ...?"

"இனிமேதான்."

அவர் டிப்போவை நினைத்துப் பார்த்தார். ஒரு டிப்போ முழுக்க டிரைவர்கள். ஒவ்வொருவரும் தான் ரொம்ப மரியாதைக்காரன் என்று சத்தியம் செய்வான். வாயால் சொன்னால் ஒருவன் கேட்கப்போவதில்லை. அவரே கேட்டாரா என்ன?

எழுந்து போனை எடுத்து நெட்டையைக் கூப்பிட்டார்.

"நாளைக்குச் சீக்கிரம் வந்துடு, ஒரு சைக்கிளும் கொண்டா. நம்ம ஆளுங்க அத்தனை பேருக்கும் சொல்லிடு, ஒருத்தரையும் விடாதே." யோசித்து, அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "எல்லாரையும் பழைய பேண்ட் போட்டுட்டு வரச் சொல்லு."