தடைக்காலமும் என் யோகா பாயும்

நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதால், வீட்டிலேயே யோகா செய்யத் தொடங்கியிருக்கிறேன். குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டவே மாட்டேன் என்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகில் கடலுக்குப் போகும் என் வீட்டுக்காரர் இப்போது வீட்டில்தான்.

இன்று காலை, "தள்ளு, நானும் பாக்குறேன்" என்று வந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

உள்ளங்கை தரையில்!

"எம்புள்ளைக்கு வலை இழுத்த ஒடம்புல்ல" என்று மாமியார் பூரித்துப்போனார். எனக்கு வயிறு எரிந்தது.

"இதுக்கா இம்புட்டு மூச்சு வாங்குற?" என்று கேட்டுவிட்டு, அவர் என் பாயிலேயே படுத்துத் தூங்கிவிட்டார்.

தடை எப்போது முடியும் என்று எங்கள் தங்கச்சிமடம் ஊரே வருமானத்துக்காகக் காத்திருக்கிறது. நான் மட்டும் அந்தப் பாய்க்காக.

என் கட்சியில் யாரெல்லாம்?