சம்மதம் கேட்கிறவர் வீட்டுப் பிள்ளை

என் வீட்டுக்காரருக்குக் குழந்தைகள் நல அலுவலகத்தில் வேலை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குழந்தைகள் காப்பகம் என்று ஆளுக்கொரு பக்கம் வைத்திருக்கிற விவரங்களை ஒன்று சேர்ப்பார். பெற்றவர்கள் ஒரே கதையை நாலு இடத்தில் ஒப்பிக்க வேண்டாம், உதவி தானாகவே வீடு தேடி வரும். அதற்காகக் கூட்டம் கூட்டமாகப் போய், "விவரத்தைப் பகிரச் சம்மதம் குடுங்கம்மா, தயங்காதீங்க" என்று தொண்டை வற்றப் பேசுவார்.

வீட்டிலோ கல்லுளிமங்கன். தலைவலி என்றால்கூட முகத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் மகனுக்கு ஆறு வயது. பேச்சு திக்கும். பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு அழைப்பு வரும் என்று காத்துக்கிடந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்துவிட்டது, எங்களுக்கு வரக் காணோம். ஆசிரியையிடம் கேட்டேன்.

"பயிற்சி வேணும்னு நாங்களும் சொல்லிட்டோம், டாக்டரும் சொல்லிட்டாரு. விவரத்தைப் பகிர வேண்டாம்னு அப்பா மறுத்துட்டாராமே! இன்னும் ஒரே ஒரு இடந்தான் இருக்கு."

எனக்கு வந்ததே கோபம்! மகனை இழுத்துக்கொண்டு நேரே அவர் அலுவலகத்துக்குப் போனேன்.

"ஊரையெல்லாம் சம்மதம் கேக்குற மகராசா, உங்க பிள்ளைன்னா மட்டும் கசக்குதா?"

"மெதுவாப் பேசேன். இங்க எல்லாரும் பாப்பாங்கல்ல, என்ன நெனைப்பாங்க?"

"நல்லாப் பாக்கட்டும்!"

பொதுமக்கள் உட்காரும் நாற்காலியில் மனிதரைப் பிடித்து உட்கார வைத்தேன். எதிரே, அவரிடமே வேலை கற்றுக்கொண்ட பெண். "சார், நீங்களா!" பாவம், சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு! பிறகு முறைப்படி மகனிடம் கேட்டாள்: "தம்பி, பேசுறதுல உனக்கு எது கஷ்டம்?"

"அ... அ..."

இவருக்குப் பொறுக்குமா? பிள்ளை தொடங்கினால் போதும், மிச்சத்தை இவரே சொல்லிவிடுவார். வாயைத் திறந்தார். நறுக்கென்று காலை மிதித்தேன். அந்தப் பெண் அவசரமே படாமல் காத்திருந்தாள்.

"அ... அப்பா என்னை மு... முடிக்க விடமாட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேஜைமேல் இருந்த படிவத்தை அவர் அந்தப் பெண் பக்கம் தள்ளினார்.

"சம்மதம்னு போட்டுக்கோம்மா. எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு. பிள்ளை மேல தப்பில்ல."

பிறகு மகன் பக்கம் திரும்பினார். "இன்னும் என்னடா? சொல்லு, அப்பா கேக்குறேன்."

அவனிடம் சொல்ல நிறைய இருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டுமே.