அன்டூ பட்டன்

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக்கூடத்துக்குச் சேலைக்கரை வரைகிற மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அதில் வரைந்தவர் நாற்பது வயதுப் பெண். அவர் பாதி வரைந்திருக்கும்போதே மென்பொருள் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். அரைநாள் வேலை போய்விடும்.

போனில் அவர் தெளிவாகத்தான் சொன்னார். "மாங்காயத் திருப்பிப் போட்டுட்டு அன்டூ அமுக்குனா மூடிக்கிடுது சார். வேற எதையும் நான் தொடல."

கரையில் வரைந்த மாங்காய் வடிவத்தைத் திருப்பிவிட்டு, கடைசியாகச் செய்ததை ரத்துசெய்யும் அன்டூ பட்டனை என் கணினியில் ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன். மூடவில்லை. அவர் எதையாவது மாற்றி அமுக்கியிருப்பார் என்று முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். மறுவாரமே அவரைச் சேலை மடிக்கிற பகுதிக்கு அனுப்பிவிட்டு, வேறொரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அவருக்கும் அதே போல மூடியது.

அதன்பிறகுதான் நேரில் போனேன். மூடும்போது என்ன நடந்தது என்று தானே பதிவுசெய்ய மென்பொருளுக்குள் ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை. ஒரு மென்பொருள் கிராஷ் ஆகும் கணத்தில் நினைவகத்தில் இருந்ததை விண்டோஸே ஒரு கோப்பாகச் சேமிக்கும்படி செய்யலாம். அந்த அமைப்பை இயக்கிவிட்டுக் காத்திருந்தேன். மதியத்துக்குள் கோப்பு கிடைத்தது. அந்தப் பதிப்பை உருவாக்கியபோது எடுத்துவைத்திருந்த, எது நான் எழுதிய எந்த வரி என்று காட்டும் குறியீட்டுக் கோப்பைச் சேர்த்துத் திறந்ததும், தவறிய வரி எண்ணோடு வந்து நின்றது. திருப்பிப் போட்ட படத்தின் பழைய நகலை நினைவகத்திலிருந்து அழித்துவிட்டு, அன்டூ வரும்போது அதையே தேடுகிற வரி. சில நேரம் தப்பிக்கும், சில நேரம் விழும். என் கணினியில் அன்று தப்பித்திருக்கிறது.

சரிசெய்துவிட்டதாக மட்டும் அண்ணாச்சியிடம் சொன்னேன். யார் தவறு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மடிக்கிற இடத்துக்குப் போய் அந்த அம்மாவிடம், தப்பு என்னுடையதுதான் என்றேன். கையிலிருந்த சேலையை மடித்து முடித்த பிறகுதான் அவர் நிமிர்ந்தார்.

"அது எனக்குத் தெரியும் சார். அண்ணாச்சிக்குல்லா தெரியணும்."

சொல்கிறேன் என்றேன். அன்று வாய் வரவில்லை. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன். ஒரு மாதம் கழித்துச் சொன்னபோது அண்ணாச்சி, புதுப்பெண் நன்றாகத்தான் வரைகிறார், இனி எதற்கு மாற்றவேண்டும் என்றார். அந்த அம்மா அதற்கு முன்பே வேலையை விட்டு நின்றுவிட்டிருந்தார். சிவகிரியில் ஒரு ஜவுளிக்கடையில் இருப்பதாக மடிக்கிற பெண்கள் சொன்னார்கள். சிவகிரிக்கு இன்னும் நான் போகவில்லை.