ஆள் இல்லை என்று எழுதிக்கொடுத்த லாட்ஜ்

தீப்பிடித்த கட்டடத்துக்குள் தீயணைப்பு வண்டிக்காரர்கள் போய்வந்து, போலீஸ் போய்வந்து, இன்சூரன்ஸ்காரர் படம் பிடித்துக்கொண்டு போன பிறகு, எல்லோருக்கும் கடைசியாக உள்ளே நுழைகிறவள் வள்ளிக்கண்ணு. வையம்பட்டிப் பக்கம் சோளமும் கடலையும் போட்ட குடும்பத்தில் பிறந்து, உறையூரில் வாழ்க்கைப்பட்டு, பதினோரு வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள். நாற்பதை நெருங்கும்போது திருச்சியில் மாதவன் என்பவர் நடத்திய கம்பெனியில் சேர்ந்தாள். தீயில் கருகிய வீட்டையும் வெள்ளத்தில் மூழ்கிய கடையையும் மறுபடி ஆள் புழங்கும்படி செய்வது அவர்கள் தொழில்.

அந்த வேலை அவளுக்குக் கையில் படிந்துவிட்டது. சுவரில் இருக்கும் கரியைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் அது உள்ளே இறங்கிவிடும், காய்ந்த ஸ்பாஞ்சால் ஒரே பக்கமாக இழுத்து எடுக்க வேண்டும் என்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். வெள்ளம் வந்த வீட்டில் ஊறி உப்பிய பிளைவுட்டைப் பிடுங்கி எறியாமல் நாற்றத்தை மட்டும் போக்கச் சொல்கிறவர்களிடம், அது அழுக்குச் சட்டைக்கு சென்ட் அடிப்பது மாதிரி என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். கரியை எடுத்து, ஈரத்தைக் காயவைத்து, கடைசியில்தான் ஓசோன் மிஷின்.

பார்ப்பதற்கு அது ஒரு சின்ன சூட்கேஸ் அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு காற்றாடி, பக்கத்தில் நேரம் வைக்கும் திருகு. காற்றில் இருக்கும் ஆக்சிஜனையே மின்சாரத்தால் ஓசோனாக்கி வெளியே தள்ளும். ஜெராக்ஸ் கடையில் கட்டுக்கட்டாகப் பக்கம் ஓடும்போது மூக்கில் ஏறுமே ஒரு வாசனை, அதையே பல மடங்கு ஆக்கியது மாதிரி. சுவரிலும் மெத்தையிலும் ஒளிந்திருக்கும் புகை நாற்றத்தை அது தேடிப்போய்த் தின்றுவிடும். ஆனால் நாற்றத்தைத் தின்கிற அந்த வாயு மனிதனின் நுரையீரலையும் விட்டுவைக்காது. அதனால் மிஷின் ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. பூனை, தொட்டி மீன், துளசிச் செடி எதுவும் இருக்கக் கூடாது. காற்றைவிடக் கனமானது என்பதால் மாடியில் வைத்தால் படி வழியாகக் கீழே இறங்கிவரும். கட்டடத்துக்கு உரியவர் ‘உள்ளே ஆள் யாரும் இல்லை’ என்று ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷினைப் போடுவார்கள். வள்ளிக்கண்ணு அந்தக் கையெழுத்தை நம்பினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்கழி பிறந்த சமயம். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த லாட்ஜில், முதல் மாடி ஏசி ஒன்று வெடித்து ஏழு அறைகள் கருகிவிட்டன. நல்லவேளையாக ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு மூன்று வாரம்கூட இல்லை, அறைகளெல்லாம் முன்பே பதிவாகியிருந்தன. லாட்ஜின் முதலாளி வீரமலை மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருந்தவர். ஏகாதசிக்குள் புகை வாசனை போயாக வேண்டும், பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படுப்பார்களா என்று அவர் மாதவனைப் போனில் விரட்டிக்கொண்டே இருந்தார்.

வள்ளிக்கண்ணுவும் அவளோடு வேலை பார்த்த முஜிபுர் ரஹ்மானும் இன்னும் நான்கு பேரும் ஒன்பது நாள் அங்கே கரி எடுத்தார்கள். அந்த ஒன்பது நாளும் சாயங்காலம் வெளியே வரும்போது வீரமலை அவர்களுடைய பைகளைத் திறந்து பார்த்தார். குளியலறைகளில் புதுக் குழாய்கள் மாட்டியிருந்தாராம். ஒருநாள் முஜிபுரின் சாப்பாட்டுப் பையைத் தெருவிலேயே கவிழ்க்கச் சொன்னார். டிபன் பாக்ஸும் ஒரு துண்டும்தான் விழுந்தன. முஜிபுர் குனிந்து பொறுக்கினான். போகிற வருகிற ஜனங்கள் நின்று பார்த்தார்கள். வள்ளிக்கண்ணு மாதவனிடம் சொன்னதற்கு, கஸ்டமர் அப்படித்தான் இருப்பார், வேலையை முடித்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

பத்தாம் நாள் காலையில் ஓசோன் வைக்க ஏற்பாடாயிற்று. வீரமலை படிவத்தை வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வழக்கப்படி வள்ளிக்கண்ணு ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறை மட்டும் திறக்கவில்லை. தட்டினாள், பதில் இல்லை. அது பழைய தலையணை போட்டு வைத்திருக்கிற அறை, சாவி வீட்டில் இருக்கிறது என்றார் வீரமலை. சாவி வரும்வரை பொறுக்கலாமா என்று முஜிபுர் கேட்டான். போனில் கேட்டதற்கு மாதவன், அடுத்த வேலை காத்திருக்கிறது, ஆரம்பியுங்கள் என்றார். மூடிக்கிடக்கும் அறை என்றால் கதவு இடுக்கில் டேப் ஒட்டுவது வழக்கம். தலையணையிலும் புகை ஏறியிருக்கும், வாயு உள்ளே போகட்டும் என்று நினைத்து வள்ளிக்கண்ணு டேப்பும் ஒட்டாமல் விட்டாள்.

மாடியில் இரண்டு, படிக்கட்டில் இரண்டு என்று நான்கு மிஷின்களைப் போட்டுவிட்டு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, கரண்ட் போர்டு சூடாகிறதா என்று பார்க்கக் கட்டடத்தின் பின்பக்கம் போனாள். யாரோ இருமினார்கள். பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி இருமல் கேட்டது. இந்தத் தடவை மூச்சை இழுக்கும் சத்தமும் சேர்ந்து வந்தது. அது பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை, அவள் கைவைத்திருந்த சுவருக்கு உள்ளேயிருந்து வந்தது.

மெயின் சுவிட்சைப் பிடுங்குகிற வேகத்தில் இறக்கினாள். முஜிபுரைக் கூப்பிட்டு ஜன்னல்களை வெளியிலிருந்தே உடைத்துத் திறக்கச் சொல்லிவிட்டு, வடிகட்டி வைத்த முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். படிக்குக் கீழே இருந்த கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

“யாரு உள்ள? கதவத் திறங்க.”

இருமலுக்கு நடுவே ஒரு குரல் வந்தது. “திறக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காருங்க.”

சாகக்கிடந்த மனுஷன் அப்படிச் சொன்னான். வள்ளிக்கண்ணு அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள், அந்த வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லுவாள்.

“அண்ணே, உள்ள இருந்தா செத்துருவீங்க. திறங்க.”

தாழ்ப்பாள் நகர்ந்தது. துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளின் மேல் ஒரு ஆள் சரிந்து கிடந்தார். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது, வாயோரத்தில் நுரை. முஜிபுரும் அவளும் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் கிடத்தினார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது திறந்த வாசல் வழியாக அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கதவின் வெளிப்பக்கம் கொண்டி வெறுமனே தொங்கியது. அதில் பூட்டே இல்லை. வெளியே பூட்டு இல்லாமல் ஒரு கதவு திறக்கவில்லை என்றால், உள்ளே ஆள் தாழ் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். இது தெரியாமல் சாவிக் கதையைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறோமே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அந்த ஆளின் பெயர் காத்தான். உப்பிலியபுரத்துக்காரர், வயது ஐம்பத்தைந்து. ஆறு வருஷமாக அந்த லாட்ஜில் விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து, படிக்குக் கீழே இருந்த அந்த அறையிலேயே படுத்துக்கொண்டிருந்தவர். அந்த ஒன்பது நாளும் பகலெல்லாம் மொட்டைமாடியில் இருந்ததால் இவர்கள் அவரைக் கவனிக்கவே இல்லை. புத்தூர் பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரல் வெந்துபோன மாதிரி வீங்கியிருக்கிறது, நீர் கோத்துவிடாமல் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள்தான் காத்தானால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடிந்தது. மருந்து அடிக்கப் போகிறார்களாமே, நான் வெளியே இருக்கட்டுமா என்று அவர் முதலாளியைக் கேட்டிருக்கிறார். அது மாடிக்குப் போடுகிற வாசனை மருந்து, உன்னை ஒன்றும் செய்யாது என்றாராம் வீரமலை. உள்ளே தாழ் போட்டுக்கொண்டு சத்தம் காட்டாமல் இருக்க வேண்டும், வேலைக்காரர்கள் குழாயைக் கழற்றிக்கொண்டு போகிறார்களா என்று கதவிடுக்கு வழியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவரை அங்கே உட்காரவைத்தது.

வள்ளிக்கண்ணு கட்டில் பக்கத்தில் நின்று இதைக் கேட்டாள். ஒரு பித்தளைக் குழாயின் மேல் இருந்த அக்கறை இந்த உயிரின் மேல் இல்லை. அவளைத் திருடி என்று நினைத்ததும், அவரை ஆளே இல்லை என்று நினைத்ததும் ஒரே மனசுதான். வீரமலை ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

மாதவன் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள் டைப் அடித்துத் தயாராக இருந்தது. வள்ளிக்கண்ணு எல்லா அறையையும் சோதித்த பிறகு, பின்வாசல் வழியாக அடையாளம் தெரியாத ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வருகிற மாதத்திலிருந்து நீங்கள்தான் சூப்பர்வைசர் என்றார்.

“அந்த ஆளு அவங்க லாட்ஜ்ல வேலையே பாக்கலைன்னு வீரமலை சொல்றாருங்க. ரெஜிஸ்டர்ல பேரே கிடையாது” என்றார் மாதவன்.

“ஆறு வருஷமா அந்த லாட்ஜ் துணியத் துவைச்சிருக்காரு சார். ரெஜிஸ்டர்ல இல்லைன்னா ஆளே இல்லைன்னு ஆயிருமா? திறக்காத கதவ நான் விட்டுட்டு வந்தேன், அது என் தப்பு. அத எழுதிக் குடுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன். அவரு திருட்டுத்தனமா நுழைஞ்சாருன்னு எழுத மாட்டேன்.”

மாதவன் ரொம்ப நேரம் பேசினார். கம்பெனி பெயர் கெட்டுவிடும், உங்கள் மேலேயே கேஸ் வரும், பெண்பிள்ளை ஸ்டேஷனுக்கு அலையப் போகிறீர்களா என்றெல்லாம் சொன்னார். அவள் சீருடைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்தாள்.

அலையத்தான் செய்தாள். போலீசில் எழுதிக்கொடுத்தபோது தான் டேப் ஒட்டாமல் விட்டதையும் மறைக்காமல் எழுதினாள். உன்னையே மாட்டிக்கொள்கிறாயே என்று ஏட்டு கேட்டதற்கு, நடந்ததைத்தானே எழுத முடியும் என்றாள். விசாரணைக்கு வந்த வீரமலை, இந்த ஆளைப் பார்த்ததே இல்லை என்று சாதித்தார். தொழிலாளர் துறை ஆபீசில், காத்தான் அங்கே வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். சம்பளச் சீட்டு இல்லை, அடையாள அட்டை இல்லை. அப்போது முஜிபுர் சொன்னான், வேலை தொடங்கிய முதல் நாள் இன்சூரன்ஸுக்காக அவள் போனில் அறை அறையாகப் படம் எடுத்தாளே, அதைத் தேடிப்பார்க்கலாம் என்று. தேடினார்கள். மொட்டைமாடிப் படத்தில், கொடியில் காயும் விரிப்புகளுக்கு நடுவே, லாட்ஜ் பெயர் தைத்த காக்கிச் சட்டையோடு காத்தான் நின்றிருந்தார். கூடவே வீரமலை, கையை நீட்டி அவரிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

படத்தைக் காட்டிய பிறகு வீரமலை பேச்சை மாற்றினார். தெரிந்த பையன், பாவம் என்று தங்க இடம் கொடுத்தேன், அதற்கு இதுதான் பலனா என்றார். ஐம்பத்தைந்து வயது ஆளைப் பையன் என்கிறாரே என்று வள்ளிக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டாள். முஜிபுர் சாட்சி சொன்னான். மறுநாளே அவனுக்கும் வேலை போயிற்று.

இதற்கு நடுவில் ஏகாதசி வந்தது. கும்பலோடு கும்பலாக அந்தப் பக்கம் போனவள் சந்துக்குள் எட்டிப்பார்த்தாள். வேறு ஒரு கம்பெனியை வைத்து மிச்ச வேலையை முடித்திருந்தார்கள். வாசலில் வாழைமரம் கட்டி, அறை காலி இல்லை என்று பலகை தொங்கியது. பெட்டியும் பையுமாக ஜனங்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படிக்குக் கீழே என்ன நடந்தது என்று கத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை, அன்றைக்கு அவளால் கோயிலுக்குள்ளும் போக முடியவில்லை. அப்படியே திரும்பிப் பஸ் ஏறிவிட்டாள்.

பத்து மாதம் கழித்துத் தொழிலாளர் துறையிலிருந்து உத்தரவு வந்தது. காத்தான் அந்த லாட்ஜின் தொழிலாளிதான், வேலையிடத்தில் ஏற்பட்ட பாதிப்புக்கு முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று இருந்தது. வீரமலை அதை எதிர்த்து மேல்முறையீடு போட்டிருக்கிறார். கேஸ் இன்னும் நடக்கிறது. காத்தானால் இப்போது ஈரத் துணி வாளியைத் தூக்க முடியாது, ஒரு மாடி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். உப்பிலியபுரத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார், வாய்தாவுக்கு வாய்தா பஸ் பிடித்து வருகிறார்.

வள்ளிக்கண்ணுவும் முஜிபுரும் ஒரு மிஷினைத் தவணையில் வாங்கித் தனியாகத் தொழில் செய்கிறார்கள். கையெழுத்துப் படிவத்தை அவர்களும் வாங்குகிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் அவளே கழிவறை, பரண், குடோன் என்று ஒன்றுவிடாமல் திறந்து பார்க்க வேண்டும். ஒரு கதவு திறக்கவில்லை என்றாலும் மிஷின் பெட்டியை விட்டு வெளியே வராது. துவரங்குறிச்சிப் பக்கம் ஒரு கடைக்காரர், என் வார்த்தையில் நம்பிக்கை இல்லையா என்று கோபித்துக்கொண்டு அவர்களைத் திருப்பி அனுப்பினார். வார்த்தையை நம்பித்தான் ஒருத்தரைக் கொன்றிருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

போன மாதம் வாய்தா முடிந்து காத்தானைப் பஸ் ஏற்றிவிடச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அவர் ஏற வேண்டிய துறையூர் பஸ் இன்ஜினை ஓடவிட்டபடி புகை கக்கிக்கொண்டு நின்றது. காத்தான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூணோரம் ஒதுங்கினார். கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வள்ளிக்கண்ணு டிரைவர் பக்கம் போய் இன்ஜினை நிறுத்தச் சொன்னாள். ஊரெல்லாம் புகைதான், உங்களுக்கு மட்டும் என்ன என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இங்க மூச்சு விடுற ஆளு நிக்கிறாருங்க. நிறுத்துங்க.”

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே சாவியைத் திருகினார். வள்ளிக்கண்ணு காத்தானைக் கைபிடித்து ஏற்றி, ஜன்னலோரமாக உட்காரவைத்தாள்.