ஏழாவது கட்டத்தில் நட்சத்திரம்

எனக்கு எட்டு வயது. கையெழுத்து விஷயத்தில் என் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்று நினைப்பு. வகுப்பில் அழகான வரிகளுக்கு டீச்சர் ஓரத்தில் நட்சத்திரம் போடுவார். என் நோட்டில் வானமே இருக்கும்.

அம்மா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். புதிதாக வந்த கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற ஒரு தேர்வு வைத்தார்கள். கோபோல் மொழியில், கட்டம் போட்ட தாளில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக வீட்டிலேயே புரோகிராம் எழுதிவர வேண்டும். ஆபரேட்டர் உள்ளதை உள்ளபடி அடிப்பார். அதை மெஷின் பாஷைக்கு மாற்றும் கம்பைலர் ஒரு பிழைகூடச் சொல்லக் கூடாது. ஒரு தடவைதான் ஓட்டிப் பார்ப்பார்கள்.

நாலு நாள் சாயங்காலம் அம்மா தாளை விட்டு நகரவில்லை.

"இன்னா, கோபாலுக்கு ஜாதகம் எழுதிகினு கீறியா?" என்றார் அப்பா.

"தேறிட்டா டைப் மெஷினுக்கு ஒரு கும்பிடு. அதுவரைக்கும் பேசாதீங்க."

ஐந்தாம் நாள் காலை, மூன்று முறை சரிபார்த்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் தாளை எடுத்துப் பார்த்தேன். எழுத்துகள் அச்சடித்தாற்போல் இருந்தன. அம்மாவுக்கு நட்சத்திரம் போட யாருமில்லையே என்று பாவமாக இருந்தது. பென்சில் பக்கத்திலேயே கிடந்தது. சிறந்த பதினோரு வரிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் இடப்பக்கம் காலியாக இருந்த கட்டத்தில் போட்டேன். ஃபேக்டரி சங்கு ஊதியது. அம்மா தாளைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

மாலையில், மெஷின் அச்சடித்துத் தந்த, இருபக்கமும் ஓட்டை போட்ட அகலத் தாளோடு வந்தாள்.

"ஸ்டார் நீயா போட்டே?"

"ஆமா! மெஷின் பாத்துச்சா?"

அம்மா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஸ்டார் போட்ட வரிய அது தொடவே இல்லடி."

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மறுநாள் வகுப்பு முழுக்கச் சொன்னேன். அடுத்த தேர்வு இரண்டு வருடம் கழித்து வந்தது. அதில் அம்மா தேறினாள்.

கல்லூரியில் கோபோல் படித்தபோதுதான் தெரிந்தது: ஏழாவது கட்டத்தில் நட்சத்திரம் இருந்தால், அது மனிதருக்கான வெறும் குறிப்பு என்று கம்பைலர் தாண்டிப் போய்விடும். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"பொண்ணு கிறுக்கிட்டான்னு ஆபீசர்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா, புள்ளக்காரிக்கு எதுக்கு இந்த வேலைன்னு அன்னைக்கே முடிச்சிருப்பாங்க. நான்தான் தப்பா போட்டேன்னு சொன்னேன்."

அந்த இரண்டு வருடமும், மெஷினே தொடப் பயந்த வரிகளை நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்று அம்மாவின் எதிரிலேயே வருகிறவர்களிடமெல்லாம் பீற்றியிருக்கிறேன். அவள் ஒரு தடவைகூட என்னைத் திருத்தவில்லை.