ஒன்பதரைக்கே மேடேறிய தெரு

தையல் மிஷின் சத்தத்தையும் மீறித் தெருமுனை வரை கேட்கும் தையலக்காவின் பேச்சு. சுனாமி எச்சரிக்கைக் குழு கை மைக்கை அவளிடம் கொடுத்ததும் அதனால்தான்.

"இவளுக்கு எதுக்குங்க மைக்கு? பேட்டரிதான் வீண்" என்றார் சவரக்கடை வைத்திருக்கும் அவள் கணவர்.

அவளுக்கு ஒரே கவலைதான். சைரன் அடித்த இருபது நிமிடத்துக்குள் நாற்பத்திரண்டு வீட்டாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வார்களா? இடுப்பு முறிந்த மாமனாரின் சக்கர நாற்காலி அந்த ஏற்றத்தில் ஏறுமா?

முதல் ஒத்திகை பத்து மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சைரன் அலறியதும் மைக்கோடு பாய்ந்தவள் திகைத்து நின்றாள். தெருவில் ஈ காக்கை இல்லை. மூச்சிரைக்க மேடேறிப் பார்த்தால், நிழலாகப் பார்த்து மொத்தத் தெருவும் உட்கார்ந்திருந்தது. ஒன்பதரைக்கே வந்துவிட்டார்களாம். மாமனாரை ஆட்டோவில் அனுப்பி வைத்தது சாட்சாத் அவள் கணவரேதான்.

"உங்க தெருதாம்மா முதலிடம்" என்று பேனாவைத் திறந்தார் பேரிடர் அலுவலர்.

"எழுதாதீங்க சார். இது செல்லாது."

"தானா வந்த பேரை ஏம்மா கெடுக்கிறே?" என்று எகிறினார் மீன் ஏலக்காரர்.

"அலை என்ன, உங்களுக்குப் பத்திரிகை வச்சிட்டா வரும் அண்ணே?"

அலுவலர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"இந்த மாசத்துல என்னைக்காவது ஒரு நாள் திரும்ப நடத்துவோம். என்னைக்குன்னு என் வீட்டுக்காரருக்கே சொல்லமாட்டேன்" என்று மைக்கில் அறிவித்தாள் அக்கா. கணவர் இரண்டு வாரம் கெஞ்சியும் மிஞ்சியும் பார்த்தார். ம்ஹூம்.

ஒரு ஞாயிறு, பதினொரு மணி. சவரக்கடையில் நல்ல கூட்டம். "ஒத்திகை! ஒத்திகை! கிளம்புங்க!" சைரனோடு அக்காவின் மைக்கும் அலறியது.

முகத்தில் பாதி நுரையோடு ஏலக்காரர் ஓடினார். கணவர் கத்தியை மடக்கி வைத்துவிட்டுச் சக்கர நாற்காலியைத் தள்ளினார். பாதி ஏற்றத்தில் சக்கரம் சரளைக்கல்லில் சிக்கிக்கொண்டது. ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் நாலு பேர் தூக்கினார்கள்.

"என் கல்யாணத்துக்குக்கூட என்னை இப்படி யாரும் தூக்கலடா!" என்றார் மாமனார்.

இருபத்தேழு நிமிடம். தெருவே முகத்தைத் தொங்கப்போட்டது. அக்காவுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஏழு நிமிடம் எங்கே போனது என்று இப்போது தெரியுமே! சரளையை வாரிப் பாதையைக் கெட்டிப்படுத்தினார்கள். நாற்காலிக்கென்று நாலு பேரைக் குறித்தாள். பூட்டுச்சாவி தேடி நேரம் கடத்துகிறவர்களின் பெயரைச் சொல்லி மைக்கிலேயே மானத்தை வாங்கினாள்.

அடுத்த முறையும் யாருக்கும் நாள் தெரியாது. அலுவலர் கடிகாரத்தோடு மேலே நின்றார். கடைசி ஆள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியபோது பத்தொன்பது நிமிடம்.

மேடே அதிரும்படி கைதட்டல். மாமனார் மட்டும் முதுகைப் பிடித்துக்கொண்டு அலுத்துக்கொண்டார்: "இன்னும் ஒரு நிமிஷம் இருந்துதே, கொஞ்சம் பதமா தூக்கியிருக்கக் கூடாதா?"