இடது பெட்டியில் ஒரு கல்

என்னை நடுவில் வரச் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது.

மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாகப் போனால் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. நன்றாக ஓட்டுகிறவன் முன்னால் போவான். அவனுக்கு அடுத்தவன் கடைசியில் வருவான், யாராவது விழுந்தால் தூக்கிவிட. யார் மேல் நம்பிக்கை இல்லையோ அவன் நடுவில். இந்தச் சட்டத்தை எங்கள் கூட்டத்தில் கொண்டுவந்தவனே நான்தான். ஆறு வருஷமாக முன்னால் போனவனும் நான்தான். அப்பேர்ப்பட்ட என்னிடம், ஃப்ரீமான்ட்டில் தன் வீட்டு டிரைவ்வேயில் நின்றுகொண்டு மதுரைக்காரன் சொல்கிறான்: "மாப்ள, இந்தத் தடவை நான் லீட் பண்றேன். நீ நடுவுல வா." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெல்மெட் வாரை மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

பக்கத்தில் நின்ற சென்னைக்காரனைப் பார்த்தேன். அவன் தன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காற்று சரியாக இருக்கிற டயரை எதற்காக மூன்று தடவை உதைக்க வேண்டும்?

எங்களுக்கெல்லாம் நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. வாரம் முழுக்க மீட்டிங்கில் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கூடாரம், அடுப்பு எல்லாம் கட்டிக்கொண்டு சியெரா மலைக்குப் போவோம். போன வருஷம் வரை நாலு பேர். நாலாவது ஆள் வேலை மாறி டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்குப் போய்விட்டான். அங்கே மலையும் கிடையாது, வண்டியையும் விற்றுவிட்டான். அதனால் முதல் தடவையாக மூன்று பேராகக் கிளம்பினோம். முதல் ராத்திரி லேக் ஆல்பைனில் தங்கல். மறுநாள் காலை எபெட்ஸ் பாஸ் என்கிற கணவாயில் ஏறி அந்தப் பக்கம் மார்க்லீவில்லில் இறங்குவதாகத் திட்டம்.

என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாக என் இடது கை மரத்துப்போய்க்கொண்டிருந்தது. முதலில் சுண்டுவிரல், பிறகு அதற்கு அடுத்தது. கொஞ்ச நேரம் கிளட்சைப் பிடித்து விட்டுப் பிடித்தால், கை இருக்கிறது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது. டாக்டரிடம் போகவில்லை. போனால் மனைவிக்குத் தெரியும். வண்டி வாங்கும்போது அவள் போட்டது ஒரே ஒரு கண்டிஷன்: "உடம்புல ஏதாவது ஒண்ணுன்னா எங்கிட்ட சொல்லணும். மறைச்சன்னு தெரிஞ்சா அன்னிக்கே வண்டி போயிடும்." அவள் சொன்னால் செய்வாள். இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அந்த வண்டிதான். அதனால் வாயைத் திறக்கவில்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள். ட்ரேசி தாண்டுவதற்குள் எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. எங்கள் ஹெல்மெட்டுகளில் இன்டர்காம் உண்டு, ஓட்டிக்கொண்டே மூவரும் பேசலாம். என் இணைப்பு நடுவில் அறுந்து மறுபடி சேர்ந்தபோது சென்னைக்காரன் குரல் பாதியில் கேட்டது: "...அவனுக்குத் தெரிஞ்சா ஆடிடுவான் மச்சி." நான், "யாருக்குடா?" என்றேன். கொஞ்சம் கழித்து மதுரைக்காரன், "வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல" என்றான். வெயிலைப் பற்றிப் பேச இவனுக்கு இவ்வளவு யோசனையா?

ஏஞ்சல்ஸ் கேம்ப்பில் பெட்ரோல் போட நிறுத்தினோம். நான் ரெஸ்ட்ரூம் போய்விட்டு வந்தால், இருவரும் என் வண்டியின் இடது பக்கத்துச் சாமான் பெட்டியையே பார்த்தபடி நிற்கிறார்கள். இடது கை, இடது பெட்டி. என் மனைவி எப்படியோ கண்டுபிடித்து இவர்களிடம் சொல்லியிருக்கிறாள், இவர்கள் என்னைக் கண்காணிக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஏரிக்கரையில் கூடாரம் போட்டுவிட்டு, கொண்டுபோன புளிசாதத்தைப் பிரித்தோம். மதுரைக்காரனுக்கு போன் வந்தது. எடுத்துக்கொண்டு ஐம்பது அடி தள்ளிப் போய்விட்டான். தண்ணீர் எடுக்கிற மாதிரி நானும் பின்னாலேயே போனேன். "இருக்கு... ஆமா, அவன்கிட்டதான்... இல்ல இல்ல, அவனுக்குத் தெரியாது." திரும்பி என்னைப் பார்த்ததும் கட் செய்துவிட்டான்.

"யாருடா?" என்றேன்.

"அம்மாடா. மதுரைல விடிஞ்சிடுச்சுல்ல, அதான்."

பெற்ற தாயிடம் பேசுகிறவன் எதற்கு ஐம்பது அடி நடக்க வேண்டும்? எனக்கு ஒரு பருக்கை கூட இறங்கவில்லை. ஆறு வருஷம் ஒரே அடுப்பில் டீ போட்டுக் குடித்த பயல்கள், என் முதுகுக்குப் பின்னால் என் பெண்டாட்டிக்கு ஒற்று வேலை பார்க்கிறார்களே என்று அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை குளிர். கையுறை தேடி இடது பெட்டியைக் கிளறினேன். மழைக்கோட்டுக்கு அடியில் ஒரு பழைய சாக்ஸ், கனமாக. உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைக் கல். மதுரைக்காரன் வீட்டு வாசலில் ரோஜாச் செடியைச் சுற்றிப் பரப்பியிருக்கிற அதே கல். நேற்று நான் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வைத்திருக்கிறான்.

எதற்குக் கல்? நான் இன்ஜினியர் அல்லவா, கணக்குப் போட்டேன். இடது பக்கம் கனம் ஏற்றினால் அந்தக் கைக்கு வேலை கூடும். தாங்குகிறேனா தடுமாறுகிறேனா என்று பின்னால் வருகிறவன் பார்ப்பான். பார்த்து வீட்டுக்குச் சொல்வான். இப்போது எழுதும்போது எவ்வளவு கிறுக்குத்தனம் என்று தெரிகிறது. அன்றைக்கு இது எனக்குச் சாட்சியோடு நிரூபணமான உண்மை. கல்லை எடுத்துப் போய் வலது கையால் ஏரிக்குள் வீசினேன். சாக்ஸை மட்டும் பெட்டியில் போட்டு மூடினேன். என்னிடமா வேலை காட்டுகிறீர்கள் என்று ஒரு திருப்தி.

ஹெர்மிட் வேலி தாண்டியதும் ரோட்டில் நடுக்கோடு நின்றுவிடும். ஒரு கார் அகலம்தான் இருக்கும். பல இடங்களில் ஓரத்தில் தடுப்பும் கிடையாது, கீழே பாறைதான். கொண்டைஊசி வளைவுகளில் கிளட்சைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏற வேண்டும். நாலாவது வளைவில் பிடிக்க நினைத்தேன், விரல் மடங்கவில்லை. இன்ஜின் குலுங்கி நின்றுவிட்டது. வண்டி பள்ளத்துப் பக்கம் சாய, காலை ஊன்றி, இடுப்பால் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு அடி இருந்திருக்கும்.

"என்னாச்சு மச்சி?" என்றான் பின்னால் வந்த சென்னைக்காரன்.

"ஒண்ணுமில்ல. கியர் மாத்தறப்ப விட்டுட்டேன்."

ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேலே ஓரமாக நிறுத்தினோம். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், மதுரைக்காரன் என் இடது பெட்டியைத் திறந்து கைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறான். சென்னைக்காரன் பக்கத்தில் காவல். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"என்னடா தேடற? கல்லா? அதைக் காலையிலயே ஏரியில வீசிட்டேன்."

இருவர் முகமும் வெளுத்துவிட்டது. "வீசிட்டியா?" என்றான் மதுரைக்காரன், நிஜமாகவே பயந்துபோய்.

"ஆமா வீசிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சீங்களா? நேத்துலேர்ந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். நடுவுல போட்டது, போன்ல குசுகுசுன்னு பேசினது. என் கை மரத்துப்போறதை அவதானே சொன்னா? மூணு மாசமா மறைச்சு வச்சது எப்படிடா அவளுக்குத் தெரிஞ்சுது? வேவு பாக்கத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்தக் கைடா?" என்றான் மதுரைக்காரன்.

தவளை தன் வாயால் கெடும். அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது, இவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

விஷயம் இவ்வளவுதான். மதுரையில் இருக்கிற அவன் அம்மாவுக்கு மூன்று பேராகப் போகிறோம் என்று தெரிந்துவிட்டது. மூணு பேராக் கிளம்பாதே, கிளம்பினால் நாலாவது ஆளாக ஒரு கல்லை எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கல் முன்னாலும் போகக் கூடாதாம், பின்னாலும் வரக் கூடாதாம், நடுவில் வர வேண்டுமாம். இவன் பெட்டியில் கூடாரமும் அடுப்பும் அடைத்துக் கிடந்தன, சென்னைக்காரனிடம் இருந்தது துணிப்பை. இடம் இருந்தது என்னிடம்தான், அதனால்தான் நான் நடுவில். என்னிடம் சொல்ல இருவருக்கும் தைரியம் இல்லை. இரண்டு வருஷம் முன்பு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததற்காக, அதை எட்டி உதைத்துவிட்டு லோடை ஊர் வரைக்கும் பகுத்தறிவுப் பிரசங்கம் செய்தவன் நான். வளைவில் நான் தடுமாறியதும், கல் விழுந்துவிட்டதோ என்று பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள்.

எங்கள் கோயம்புத்தூரிலும் அந்த வழக்கம் உண்டு. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். சந்தேகம் பிடித்தவன் மூளைக்கு அது எட்டவில்லை.

மதுரைக்காரன் தன் இரண்டு விரல்களை நீட்டினான். "இடது கையால அமுக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி அமுக்கினேன்.

"அமுக்குடா" என்றான் மறுபடியும்.

அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன். அவன் விரல்களை விடுவித்துக்கொண்டு, போய் என் வண்டிச் சாவியை உருவினான். இறக்கம்தானே, மெதுவாக ஓட்டிவிடுவேன் என்று எகிறிப் பார்த்தேன். "இறக்கம்தான் மச்சி இன்னும் மோசம். விழுந்தேன்னா உன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றான் சென்னைக்காரன். அவன் கண் கலங்கியிருந்தது. நேற்று முழுக்க இவனைத்தான் ஒற்றன் என்று திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

என் வண்டியை உச்சியிலேயே பூட்டி நிறுத்திவிட்டோம். கீழே என்னை விட்டுவிட்டு இருவரும் ஒரே வண்டியில் ஏறிவந்து அதை எடுத்துப் போவதாக ஏற்பாடு. மதுரைக்காரனின் பெட்டிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பின் சீட். வலது கையால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் அவன் கிளட்ச் கையைப் பார்த்தேன். என்னால் முடிந்திருக்காது. அதை ஒத்துக்கொண்ட பிறகு, வெளியே சொல்லக்கூடாது, நிம்மதியாகத்தான் இருந்தது.

மார்க்லீவில் வந்து, வண்டி நின்றும் நிற்காமலும் மதுரைக்காரனின் போன் அடித்தது. மேலே சிக்னலே இல்லை. மதுரையில் அப்போது ராத்திரி பத்தரை, அந்த அம்மா தூங்காமல் காத்திருந்திருக்கிறார். அவன் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஸ்பீக்கரில் போட்டான்.

"மலை இறங்கிட்டீங்களாப்பா? கல்லு இருக்கா?"

ஏரியில் கிடக்கிற கல்லை நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இருக்கும்மா" என்றான். "எம் பின்னாலதான் உக்காந்திருக்கு."

அந்த அம்மாவுக்கு அது எப்படிப் புரிந்ததோ தெரியாது. "சரிப்பா. வழியில எங்கயும் விட்டுராத. வீடு வரைக்கும் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்துரு" என்றார்.

நான் இறங்கி, என் போனை எடுத்து, வலது கையால் மனைவியின் நம்பரை அழுத்தினேன்.